ஸ்டே இருக்கிற வீடு

இப்போது கூப்பிட மாட்டார்கள். பதினோராம் நம்பர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, தன்னுடையது இருபத்து நாலு, நடுவில் ஒரு சாட்சி விசாரணை இருக்கிறதாம், அது இழுத்தால் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிவிடும், இழுக்கட்டும், நன்றாக இழுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே உலகம்மாள் கோர்ட் வராந்தாவின் மரப்பெஞ்சில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாள். இந்தப் பெஞ்சில் முதுகுச் சட்டங்களில் ஒன்று உடைந்து போயிருக்கிறது. எந்த இடத்தில் சாய்ந்தால் இடுப்பில் குத்தாது என்று அவள் உடம்புக்கே தெரியும், ஐந்து வருஷமாக வந்து போகிற உடம்பு. முதல் வாய்தாவுக்கு வந்தபோது கரை வைத்த சேலை கட்டி, ஈரத்தலையை இறுக்கி முடிந்து, கோவில் குங்குமம் வைத்து, நீதிபதி தன் முகத்தைப் பார்த்தாலே நியாயம் எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்வார் என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு நைந்த வாயில் சேலை, ரப்பர் செருப்பு, பையில் சர்க்கரை மாத்திரையும் இரண்டு இட்லியும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, லீவு எழுதும்போது காரணம் என்று ஒரு வரி வரும், அதில் கோர்ட் கோர்ட் என்று எழுதி எழுதி இப்போது தலைமை ஆசிரியை அந்த வரியைப் படிப்பதே இல்லை. ஐம்பத்து நாலு வயசாகிவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் வேறு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்டே வாங்கினேன், அதை நீட்டினேன், இன்னும் நீட்டினேன், அவ்வளவுதான்.

எதிர்ப் பெஞ்சில் மதினி உட்கார்ந்திருந்தாள். ஆவுடையம்மாள், செத்துப்போன அண்ணன் சங்கரலிங்கத்தின் பெண்சாதி, இந்த வழக்கில் எதிர்க்கட்சி. கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா கண்ணைத்தான் மூடியிருக்கிறாளா என்பது உலகம்மாளுக்குத் தெரியும், தூங்கினால் கீழ் உதடு கொஞ்சம் தொங்கும், இப்போது தொங்கவில்லை. காலையில் பிரஷர் மாத்திரை போட்டாளா என்று தெரியவில்லை. எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருவருமே ஓடிவந்தார்கள். அவர்கள் ஊரிலிருந்து டவுனுக்கு அந்த நேரத்தில் ஒரே பஸ்தான், அதனால் வாதியும் பிரதிவாதியும் ஒரே வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரே பஸ்ஸில் ஏறி, மதினி முன்சீட்டிலும் உலகம்மாள் அதற்கு அடுத்த சீட்டிலுமாக, முக்கால் மணி நேரம் மதினியின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்க வேண்டியிருக்கிறது. கொண்டை சின்னதாகிக்கொண்டே வருகிறது. முதல் வாய்தாவில் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, இப்போது நெல்லிக்காய்தான். கண்டக்டருக்கு எல்லாம் தெரியும். ‘கோர்ட் ரெண்டு’ என்று இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே கிழிப்பான்.

வக்கீல் கணபதிராமன் அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். "சாப்பிட்டியளா உலகம்மா?" என்றார். அவர் இப்படி விசாரித்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். "இன்னைக்குக் கொஞ்சம் சிரமம்தான், பாத்துக்கிடுங்க. புதுசா வந்திருக்கிற ஐயா பழைய ஸ்டேயா எடுத்து எடுத்துப் பாக்காரு. அப்பீலை நடத்தாம ஸ்டேயை வச்சே காலந்தள்ளுதீங்களான்னு வெள்ளிக்கிழமை ஒருத்தரைக் கேட்டுப்புட்டாரு." நீட்டிக்க மாட்டாரா என்று கேட்டாள். "கேப்போம். இல்லைன்னா கோர்ட் அமீனா வருவாரு, கொத்தனைக் கூட்டிக்கிட்டு. தீர்ப்புல சொன்ன சுவரை எழுப்பிட்டுப் போவாரு. எழுப்பிட்டா அப்புறம் நாம என்ன சொன்னாலும் சுவர் சுவர்தான்." நாளைக்குப் பால்காரன் வரமாட்டான் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கட்சிக்காரரைத் தேடிப் போனார். இதே மனுஷன்தான் ஸ்டே என்றால் என்ன என்று முதலில் அவளுக்கு விளக்கியது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்தது வந்ததுதான்மா, மேலே பார்த்து முடிக்கிற வரைக்கும் அதை நிறைவேற்றாமல் நிறுத்தி வைக்கிறதுதான் ஸ்டே, கொதிக்கிற சோற்றுக்குத் தீயைக் குறைத்து வைக்கிற மாதிரி என்றார். நூற்றி நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற இடத்தில் நிற்கிறவள் அவள். தீயைக் குறைத்து ஐந்து வருஷம் வைத்தால் சோறு என்ன கதி ஆகும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு இருந்த ஆத்திரத்துக்கு ஸ்டே என்ற சொல் சர்க்கரைப் பொங்கலாக இனித்தது.

சுவர். ஒன்பதங்குலச் சுவர். கோர்ட் அனுப்பின வக்கீல் ஒருத்தர் வந்து டேப்பை இந்த மூலையில் பிடி அந்த மூலையில் பிடி என்று, அப்பா கட்டின வீட்டை ஜாக்கெட் துணி மாதிரி அளந்து, ஒரு தாளில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். கோடு நடுக்கூடமான பட்டாசாலைக்கு நட்டநடுவே ஓடியது. முன்பாதி, தெருவாசலோடு, அண்ணன் பங்காக மதினிக்கு. பின்பாதி, அடுப்படியும் கிணறும், உலகம்மாளுக்கு. அவள் போகவர கொல்லைச் சந்து. அப்பன் பெற்ற மகள் சந்து வழியாக வர வேண்டும், நேற்று வந்தவள் தெருவாசல் வழியாகப் போவாளா என்று அன்றைக்கு ஊரே கேட்கும்படி கத்தினாள். நேற்று வந்தவள் வந்து அப்போதே முப்பத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் வந்தபோது உலகம்மாளுக்குப் பதினாறு வயசு, முதல் முதலாகச் சேலை கட்டிக்கொள்ளக் கொசுவம் மடித்துக் கொடுத்தவள் மதினிதான். அதையெல்லாம் அப்போது யார் நினைத்தார்கள். அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கிறதற்குள் மதினி பங்குப் பேச்சை எடுத்தாள். எடுக்கச் சொன்னது திருப்பூரிலிருக்கும் அவள் மருமகன், அது பிறகுதான் தெரிந்தது, ஆனால் வாயைத் திறந்தது மதினி. எங்க அப்பன் வீட்டுல பங்கு கேக்க நீ யாரு என்று உலகம்மாள் கேட்டாள். அதுவரை மதினியை நீங்கள் என்றே கூப்பிட்டு வந்த வாய். மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, இனிமே உன்கிட்ட எனக்குப் பேச்சில்ல என்றாள். ஒன்பது வருஷம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, நல்ல சொல்லாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நம்பர் கூப்பிட்டார்கள். டவாலி மூன்று தரம் பெயரைக் கத்தினான், யாரும் வரவில்லை, அந்தப் பெயர் வராந்தாவில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுப் போயிற்று. ஸ்டே உத்தரவில் ஒரு வரி இருந்தது, இருக்கிறது இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று. வக்கீல் அதைப் படித்துக் காட்டியதோடு விட்டிருக்கலாம். ஒரு ஆணிகூட அடிக்காதீங்க, எதிர்த்தரப்பு எழுதிப் போட்டுடுவாங்க என்று பயமுறுத்தியும் வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மதினியிடமும் இதையேதான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் இடம் மாறவில்லை. பட்டாசாலை ஆணியில் அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்குகிறது, காரியம் முடிந்ததும் யாருக்காவது கொடுத்திருக்க வேண்டியது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். ஒரு ஓடு உடைந்து ஒழுகியது, மாற்றவில்லை, அந்த இடத்தில் மதினி ஒரு அண்டாவை வைத்தாள், மழைக்காலம் முடிந்ததும் அண்டாவை எடுக்கவும் பயமாகிவிட்டது, அதுவும் இருக்கிறபடியில் சேர்ந்துவிட்டதோ என்னவோ. வெள்ளையடித்து எத்தனை பொங்கல் ஆயிற்று. ஸ்டே இருக்கிற வீடு என்றால் தெருவில் போஸ்ட்மேனுக்குக்கூடக் கதவு எண் தேவையில்லை. கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றவன், தோற்றவன் செத்தவன் என்பார்கள், ஜெயிக்காமலும் தோற்காமலும் நடுவில் நிற்கிறவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

பேச்சில்லை என்று பெயர்தான், பேசாமலும் இல்லை. ஒரே அடுப்படியில் மதினி ஆறு மணிக்கு, இவள் ஏழு மணிக்கு, நடுவில் பூனை. பூனையிடம்தான் பேச்சு. தண்ணி நாளைக்கு வராதாம், குடத்துல பிடிச்சு வைக்கணும் என்று மதினி பூனையிடம் சொல்வாள். கேஸ் சிலிண்டர் தீரப்போகுது, பதிவு பண்ணியாச்சு என்று உலகம்மாள் பூனைக்குப் பதில் சொல்வாள். பூனை இல்லாத நேரத்தில் பால் குக்கர், அதுவும் இல்லாவிட்டால் சுவர். ஜாடைப் பேச்சு என்றால் குத்தலுக்குத்தான் என்று ஊரில் நினைப்பார்கள், இவர்கள் அதை வைத்தே ஒரு குடித்தனம் நடத்திவிட்டார்கள். நாலு வருஷமாக மதினிக்கு இடது காது போய்விட்டது, வலது காதும் அரைதான். அதனால் பூனையிடம் கத்த வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி சன்னலைத் திறந்து, பூனைக்குக் காது கேக்காதோ என்று கேட்டுச் சிரித்தாள். போன ஐப்பசியில் உலகம்மாள் காய்ச்சலில் நாலு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, தலைமாட்டில் கஞ்சியை வைத்துவிட்டு மதினி நிலைக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், ஆறிப்போனா வயித்தைப் பிடிக்கும், சூட்டோட குடிக்கணும் என்று. உலகம்மாள் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள், மதினியும் கண்ணாடியில் இவளைப் பார்த்தாள், இருவரும் நேரே பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் யாருடைய சொல்லும் கெடவில்லை. கஞ்சியில் பூண்டு தட்டிப் போட்டிருந்தது, காய்ச்சல் வாய்க்கும் மணத்தது. அந்த நாலு நாளும் ராத்திரி மதினி தன் பாயை முன்னறையில் போடவில்லை, பட்டாசாலையில், சிவப்புக் கோடு போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தாள்.

அந்தச் சுவர் வந்தால் கஞ்சி எந்த வழியாக வரும். இதை யாரிடம் சொல்வது. வக்கீலிடம் சொல்ல முடியுமா, தெருவாசல் எனக்கு வேண்டாம்யா, அந்த ஆத்திரம் எப்போதோ வடிந்துவிட்டது, சுவர் மட்டும் வந்துவிடக் கூடாது, அதற்குத்தான் ஸ்டே கேட்கிறேன் என்று. அப்பீல் நடந்து தான் ஜெயித்தால் மதினி போய்விடுவாள், தோற்றால் சுவர் வந்துவிடும். இரண்டும் வேண்டாம். வாய்தாதான் வேண்டும். இன்னும் ஒரு வாய்தா, அப்புறம் இன்னும் ஒன்று. ஒன்பதங்குலத்துக்கு அந்தப் பக்கம் மதினி விழுந்தால் இவளுக்குக் கேட்காது, இவள் கூப்பிட்டால் நிச்சயமாக மதினிக்குக் கேட்காது. கல்யாணமாகாதவளுக்கு என்ன பயம், ஒண்டிக்கட்டைதானே என்பார்கள். ஒண்டிக்கட்டை என்று சொல்லிக்கொண்டு அவள் ஒருநாளும் ஒண்டியாக இருந்ததில்லை. சண்டை போடவாவது ஒருத்தி இருந்தாள். விடிந்ததும் அடுப்படியில் தம்ளர் வைக்கிற சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம், காது கேட்காதவள் பக்திப் பாட்டை ஊருக்கே வைக்கிற சத்தம், எத்தனை தரம் எரிச்சல் பட்டிருக்கிறாள். மதினி இருக்கிறாள் என்பதற்கு அதுதான் ருசு.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இதோ வந்துவிட்டது, ஒரு மாதமாக எங்கே சுற்றினாலும் கடைசியில் நினைப்பு அந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. திருப்பூரிலிருந்து மதினி மகள் முத்துச்செல்வி பேசினாள், மதினி காதுக்காகப் போனைச் சத்தமாக வைத்திருந்தாள், உலகம்மாள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அம்மா, ஒனக்கு அங்க யாரு இருக்கா, இங்க வந்துரு என்றது பிள்ளை. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் பேசுகிற பிள்ளை. மதினி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரு இருக்கா என்றால், நான் என்ன செத்தா போனேன். அந்தக் கோபம்தான். மாவுச்சட்டியைப் பார்த்து, மதினிக்குக் கேட்கிறபடி நன்றாகச் சத்தமாகச் சொன்னாள், மக கூப்பிட்டாப் போக வேண்டியதுதானே, இங்க யாரு காலைக் கட்டியா வச்சிருக்கா. சொன்னபோது என்ன எதிர்பார்த்தாள். வழக்கம்போல மதினி பூனையைக் கூப்பிட்டு, எங்க போகணும் எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும் என்று வெடுக்கென்று ஒரு பதில் கொடுப்பாள், அது போதும், அந்த ஒரு வெடுக்கை வைத்துக்கொண்டு இன்னும் ஆறு மாதம் தள்ளலாம். மதினி பூனையைக் கூப்பிடவில்லை. முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பூனையிடமும் பேச்சு குறைந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும். இல்லை, அப்படியெல்லாம் இருக்காது, வயசாகிவிட்டது, பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். மறுநாளே மாவுச்சட்டியிடம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள், மாற்றிச் சொல்ல அந்தப் பேச்சில் வழியில்லை. குத்த முடிகிறது, சேதி சொல்ல முடிகிறது, கெஞ்ச முடியவில்லை. கெஞ்ச வேண்டுமானால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இருபத்து நாலு. உலகம்மாள், ஆவுடையம்மாள்." சாட்சி வரவில்லையாம், நம்பர்கள் மடமடவென்று ஓடிவிட்டன. எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. உள்ளே பழைய மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. நீதிபதி மெலிந்த மனுஷர், வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷமா ஸ்டே" என்றார், யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் இல்லை, அவருக்கும் அலுப்புத்தான். கணபதிராமன் தொண்டையைச் செருமினார். அதற்குள் மதினியின் வக்கீல், சின்னப் பெண், ஒரு தாளை நீட்டினாள்.

"ஐயா, சுவர் எழுப்பக் கேட்டுப் போட்டிருந்த நிறைவேற்று மனுவை என் கட்சிக்காரர் வாபஸ் வாங்குறாங்க. திருப்பூர்ல மகள் வீட்டோட போய் இருக்கப்போறாங்க. வர்ற வியாழக்கிழமை கிளம்புறாங்க. வீட்டை நாத்தனாரே முழுசா வச்சுக்கிடட்டும், இனிமே எனக்கு வழக்கு வேண்டாம்னு சொல்றாங்க."

வியாழக்கிழமை. இன்று திங்கள். உலகம்மாளுக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் கேட்டது, மற்றதெல்லாம் விசிறிச் சத்தத்தில் போயிற்று. கணபதிராமன் திரும்பி முகமெல்லாம் பல்லாக அவளைப் பார்த்தார். நீதிபதி பேனாவை எடுத்தார். "நிறைவேத்தவே யாரும் கேக்கலைன்னா நான் எதை நிறுத்தி வைக்கிறது? ஸ்டே மனுவை முடிச்சிடலாம்ல?"

"ஆட்சேபணை இல்லைங்க ஐயா" என்றார் கணபதிராமன்.

"எனக்கு இருக்குய்யா." தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் இந்த அறைக்குள் அவள் பேசியதில்லை. கணபதிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு, "உலகம்மா, நாம ஜெயிச்சாச்சு, சும்மா இருங்க" என்றார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், முதல் தரமாக ஒரு நீதிபதி அவள் முகத்தைப் பார்த்தார்.

"சுவர் வராதும்மா. வீடு பூரா நீங்களே இருக்கலாம். இன்னும் எதுக்கு ஸ்டே?"

"சுவருக்கு இல்லய்யா. அவங்க போறதுக்கு." கையிலிருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அப்பீல் முடியிற மட்டும் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்னுதானேய்யா எழுதியிருக்கு. அவங்களும் அந்த வீட்டுல இருக்கிறதுதானே."

பின்னால் யாரோ சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அதுக்கு இந்தக் கோர்ட்டுல வழி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுதினார். எழுதி முடித்து, கட்டை ஓரமாக வைத்தார்.

மதினி இவ்வளவு நேரமும் கேட்காத இடது காது உலகம்மாள் பக்கமாக நின்றிருந்தாள். கட்சிக்காரர்கள் நிற்க வேண்டிய இடம் அப்படி. அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து, "என்னவாம்? என்ன சொல்லுதா அவ?" என்று கேட்டாள். காது கேட்காதவர்கள் கேட்கிற சத்தம், அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த கட்டும் கையில் இருந்தது. குனிந்து, வலது காதில், சுருக்கமாகச் சொன்னாள். "ஆட்சேபணை பண்றாங்கம்மா."

மதினி திரும்பினாள். கண்ணாடியிலும் பூனையிலும் படாமல் ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவள் பார்வை நேராக உலகம்மாள் மேல் விழுந்தது. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த முகத்தில் களைப்புத்தான் இருந்தது.

"ஏளா, இன்னுமா உனக்கு அடங்கல?" என்றாள் மதினி. "எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே போறேன்."

டவாலி இருபத்தைந்தாம் நம்பரைக் கூப்பிட்டான். வந்தவர்கள் வழிக்காக இருவரையும் ஒதுக்கினார்கள். இல்லை என்று சொல்ல வேண்டும், போகாதீங்க மதினி என்று சொல்ல வேண்டும், வலது காதுப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும். உலகம்மாள் வாயைத் திறந்தாள். ஒன்பது வருஷத்துப் பழக்கம், கண் மதினியின் முகத்தில் நிற்காமல் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது.